இரவில் குறட்டை விடும் பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

நம் கூடலூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன்பே ஜீப் ஏறிக் குமுளி மலைக்குப் போகும் தாய்மார் பலர் இருப்பதால், இக்கடிதத்தை வீட்டில் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. உறக்கத்தில் மூச்சு தடைப்படும் தொல்லை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கனவு காணும் தூக்கத்தில்தான் மிகுகிறது. அந்தத் தூக்கமோ இரவின் பிற்பகுதியில், விடியற்காலையை ஒட்டியே அதிகம் வருகிறது. அந்நேரத்தில் பல வீடுகளில் பிள்ளையின் அருகில் இருப்பவர் பாட்டி மட்டுமே.

சளி பிடித்த நாலு நாள் குறட்டை விடுவதைப் பற்றி நான் எழுதவில்லை. சளி இல்லாதபோதும் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை கேட்டால், அதை அயர்ந்த தூக்கம் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். குறட்டை சட்டென நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறதா, பிள்ளை கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறதா, குளிர்ந்த இரவிலும் தலையணை நனையும்படி வியர்க்கிறதா என்று கவனியுங்கள். நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் வழக்கம் திரும்புவதும், காலையில் தலைவலியோடு எழுவதும் இதனால் இருக்கலாம்.

பகலில் பள்ளியில் நாங்கள் காண்பது வேறு. பெரியவர்களானால் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளில் பலரோ ஓரிடத்தில் உட்காராமல், எழுதத் தொடங்கியதை முடிக்காமல், சின்னதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வாய் பிளந்தே இருக்கும். உதடு காய்ந்து வெடித்திருக்கும். சத்துணவு உண்ணும்போது மூச்சுக்காக மெல்லுவதை இடையில் நிறுத்தும். இத்தகைய பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று தண்டிப்பதற்கு முன் அதன் உறக்கத்தை விசாரிப்பதே முறை என்பது என் கருத்து.

பெரும்பாலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் தொண்டையிலுள்ள டான்சிலும் பெருத்திருப்பதே காரணம். இரண்டு முதல் எட்டு வயதுவரை இது அதிகம். மூக்கு ஒவ்வாமையும் உடற்பருமனும் காரணமாகலாம். ஒல்லியான பிள்ளைக்கு வராது என்பதில்லை. பீடிப் புகையும் விறகடுப்புப் புகையும் தொல்லையைக் கூட்டும்.

பிள்ளை திணறுவதை, நெஞ்சு தெரியும்படி, இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து, கம்பம் அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். அடினாய்டையும் டான்சிலையும் அகற்றும் அறுவை சிகிச்சை என்ற அச்சத்தில் தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஏழு மாதத்தில், உறக்கத்தில் மூச்சை அளக்கும் பரிசோதனையின் முடிவு சீரானவர்கள் அறுவை செய்துகொண்டோரில் 79 விழுக்காடு. செய்யாமல் கண்காணிக்கப்பட்டோரிலும் 46 விழுக்காடு. எந்தப் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே சொல்வார். உறக்கத்தில் உதடு நீலம் பாரித்தால் மட்டும் விடியும்வரை காத்திராமல் உடனே கொண்டு செல்லுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்கு விடுப்புக் கடிதம் தேவையில்லை. வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்