என் ஸ்கேனில் கூடுதலாக ஒரு வரி எழுதியவருக்கும் மற்றவர்களுக்கும்

முதல் நன்றி, நான் முகம்கூடப் பார்க்காத ஒருவருக்கு. என் சி.டி. ஸ்கேனைப் படித்த கதிரியக்க மருத்துவர் அவர். இடது நுரையீரலின் மேல்மடலில் கட்டி இருப்பதாகச் சொல்லி அறிக்கையை முடித்திருக்கலாம். ஆனால், நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கச் சிரைகள் இரண்டும் இதயத்துக்கு வெளியிலேயே ஒன்றாகச் சேர்கின்றன என்று கூடுதலாக ஒரு வரி எழுதினார்.

அந்த வரி எவ்வளவு பெரிது என்பதை அறுவை மருத்துவரம்மா சொல்லித்தான் அறிந்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு இழுத்தார். மேல்மடலுக்கு ஒரு சிரை, கீழ்மடலுக்கு ஒன்று. பெரும்பாலோருக்கு இரண்டும் தனித்தனியாக இதயத்தின் இடது மேலறைக்குள் போகும். எனக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தண்டாகப் போகிறது. கேமராவில் முன்பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தண்டு மேல்மடல் சிரை மாதிரியே தெரியுமாம். கட்டியுள்ள மேல்மடலை எடுக்கும்போது, தவறுதலாக அதை ஸ்டேப்ளர் போட்டு வெட்டிவிட்டால் கீழ்மடலின் இரத்தம் வெளியேற வழியில்லை. தேங்கி, அந்த நல்ல மடலும் கெட்டுப்போகும்; அதையும் எடுக்க வேண்டிவரலாம்.

“கீழ்ச் சிரையைக் கண்ணால் பார்க்காமல் எதையும் வெட்ட மாட்டேன். தேவைப்பட்டால் மார்பைத் திறப்பேன். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்” என்றார். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குழுவே உட்கார்ந்து, ஸ்கேனை முப்பரிமாணப் படமாக்கிக் குழாய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறது. மார்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. விலா எலும்புகளை விரிக்காமல், அக்குளுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் கீறலோடு முடிந்தது. இடது நுரையீரலைச் சுருக்கி வைத்து, வலதை மட்டும் மூச்சுவிட வைத்துக் காத்த மயக்க மருத்துவருக்கும் என் வணக்கம்.

அப்புறம், இரவுப் பணி செவிலியர் தங்கச்சி. மார்புக் குழாயின் நுனி தண்ணீர்ப் பெட்டியில் இருந்தது. நான் இருமினால் அதில் குமிழி வரும். நுரையீரலில் இன்னும் காற்று கசிகிறது என்று அர்த்தம். தரையில் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, “இன்னொரு தடவை இருமுங்க” என்பார். தலையணையை மார்போடு அணைத்து இருமுவேன். மூன்றாம் நாள் ராத்திரி நிமிர்ந்து பார்த்து, “நின்னுடுச்சு” என்றார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

நடக்கவைத்த பிசியோதெரபிஸ்ட், பக்கத்திலேயே கிடந்த அக்கா, எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வீடு திரும்பும் அன்று அந்தக் கதிரியக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு அன்று விடுப்பு. யாராவது இதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.