'பாஸ்' என்று புகாரை மூடிவிடாதீர்கள்: 8 விநாடி ஹெட் பார்க்கிங் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் 4 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கின் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவை மற்றும் வாரண்டிப் பிரிவு

பொருள்: ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது 8 விநாடியில் ஹெட் (தரவைப் படித்து எழுதும் முனை) பார்க் ஆவது, அதை மாற்ற வழி தராதது, மாற்று டிஸ்க் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் வசதியைக் காட்டி, "ஸ்மார்ட் சோதனையில் பாஸ், சத்தம் இயல்பானது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு என் முந்தைய புகாரை உங்கள் சேவைப் பிரிவு மூடிவிட்டது. அதை மறுபடி திறக்கக் கோரி எழுதுகிறேன். சத்தம் இயல்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம் ஒரு மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் வருவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டிஸ்க்கில் வேலை எதுவும் நடக்காமல் 8 விநாடி கழிந்ததும் மெல்லிய 'டொக்' கேட்கிறது. அடுத்து ஏதாவது எழுதவோ படிக்கவோ வேண்டி வந்தால் 'டிக்' என்ற ஒலியும் கூடவே சின்ன 'கிர்ர்' ஒலியும் வருகின்றன. முதலாவது, ஹெட்கள் தரவு பதியும் தட்டை விட்டு விலகி, ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சாய்தளத்தில் ஏறி உட்காரும் ஒலி. இரண்டாவது அவை திரும்பத் தட்டின் மேல் வரும் ஒலி. ஹெட்கள் விலகி நின்றால் சுழலும் தட்டின் மேல் காற்றின் இழுவை குறையும், மோட்டாருக்குப் பாரம் குறையும், கொஞ்சம் மின்சாரம் மிஞ்சும். அந்த நேரத்தில் டிஸ்க் அடிபட்டாலும் ஹெட் தட்டில் மோதாது. ஆகவே பார்க்கிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 8 என்ற எண்ணைத்தான் எதிர்க்கிறேன்.

சத்தம் பார்க்கிங்கால்தான் வருகிறது என்பதை ஊகமாகச் சொல்லவில்லை. ஸ்மார்ட் அட்டவணையின் 193-வது வரி ஹெட் ஏறி இறங்கிய தடவைகளைக் காட்டும். அதன் மூல எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்பு எதையும் நகலெடுக்காமல் 10 நிமிடம் விட்டு, கேட்கும் 'டொக்' ஒலிகளை எண்ணி, மறுபடி அதே வரியைப் பார்த்தால் போதும். இரண்டும் ஒத்துப்போனால் பார்க்கிங்தான். நடுவில் அட்டவணையைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. சில டிஸ்க்குகளில் அப்படிப் பார்ப்பதே ஹெட்டைத் திரும்ப அழைத்து வந்துவிடும், கணக்கு கெட்டுவிடும். என் டிஸ்க்கில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றன. உங்கள் பணியாளர் தொலைபேசியில் இருந்தபடியே செய்யச் சொல்லியிருக்கக்கூடிய சோதனை இது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், கணினியை மறுதொடக்கம் செய்யச் சொன்னார்கள். 193-ஐ மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாக ஒதுக்கியாயிற்று. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களுக்கான (டிஸ்க்கின் சிறு தரவுப் பகுதிகள்) 197, மாற்றப்பட்ட செக்டார்களுக்கான 5, திருத்த முடியாதவற்றைக் காட்டும் 198 மூன்றும் பூஜ்யம். ஹெட் பழுதாகி 'கிளிக் கிளிக்' என்று திரும்பத் திரும்ப அடிக்கும் டிஸ்க்கில் இவை சும்மா இருக்காது, கணினியின் பதிவேட்டிலும் படிப்புப் பிழைகள் வரிசையாக விழும். கேபிள் கோளாறைக் காட்டும் 199 பூஜ்யம். மோட்டார் சுழலத் தடுமாறியதைக் காட்டும் 10-ம் பூஜ்யம். அடாப்டர் மின்சாரம் போதாமல் போனால் சுழற்சி விழுந்து மறுபடி தொடங்கும், 4-வது, 12-வது, 192-வது வரிகள் ஏறும். அவையும் ஏறவில்லை. ஹீலியம் நிரப்பிய பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் ஏறத்தாழ 5 விநாடிக்கொருமுறை அடங்கிய ஒரு தட்டல் கேட்கும். ஹெட் ஒரே இடத்தின் மேல் நிற்காமலிருக்க டிஸ்க் தானாக நகர்த்தும் ஒலி அது. அதில் 193 ஏறாது, அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். என் டிஸ்க் அந்த வகை அல்ல, இதில் 193 ஏறுகிறது.

இப்போதைய கணக்கு இது. ஓடிய நேரத்தைக் காட்டும் 9-வது வரியில் 1,412 மணி. 193-ல் 1,58,370. வகுத்தால் மணிக்கு 112 தடவை. உங்கள் தகவல் தாளிலேயே இந்த மாடலின் ஹெட் ஏறி இறங்கும் வரம்பு 3,00,000 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதாவது 59 நாள் இடைவிடாமல் ஓடிய அளவுக்குக்கூட வராத டிஸ்க், வரம்பில் பாதியைத் தாண்டிவிட்டது. மிச்சம் இருப்பது இதே வேகத்தில் சுமார் 1,265 மணி, அதாவது இரண்டு மாதத்துக்கும் குறைவு. நீங்கள் தரும் வாரண்டியோ 3 ஆண்டு. 3,00,000-ஐத் தொட்ட மறுநொடி டிஸ்க் செத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. பல டிஸ்க்குகள் வரம்பைத் தாண்டியும் ஓடும். ஆனால் அந்த எண்ணை எழுதியது நீங்கள். அதை இரண்டாம் ஆண்டுக்கு முன்பே கடக்க வைக்கும் அமைப்பையும் நீங்களே வைத்து அனுப்பினால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

இனி 'பாஸ்' விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட் ஒட்டுமொத்தத் தீர்ப்பு ஃபெயில் ஆவதற்கு, பழுதை முன்கூட்டிச் சொல்லும் வகையைச் சேர்ந்த ஏதாவதொரு வரி தன் வரம்பைத் தொடவோ அதற்குக் கீழே இறங்கவோ வேண்டும். 193 அந்த வகையில் இல்லை. அது தேய்மானம், வயது ஆகியவற்றைச் சொல்லும் வகை, அதன் வரம்பாக உங்கள் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு நிரல்) வைத்திருப்பது 000. மூல எண்ணை வரம்போடு ஒப்பிட மதிப்பெண்ணாக மாற்றிக் காட்டும் இப்போதைய மதிப்பு 148. வரம்பே பூஜ்யமாக இருக்கும்போது 193 எத்தனை லட்சம் ஆனாலும் தீர்ப்பு 'பாஸ்' என்றுதான் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லாத சோதனையின் முடிவைப் பதிலாகத் தந்திருக்கிறீர்கள்.

8 விநாடி ஏன் இவ்வளவு மோசமான தேர்வு என்பதை உங்கள் ஃபர்ம்வேர் குழு கொஞ்சம் யோசிக்க வேண்டும். கணினி தானாகவே ஒழுங்கான இடைவெளியில் டிஸ்க்கைத் தொடும். லினக்ஸில் மாறிய தரவு ஏறத்தாழ 30 விநாடிக்குள் டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்பதே இயல்பான அமைப்பு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையின் ஜர்னல் (மாற்றங்களைக் குறிக்கும் பதிவு) 5 விநாடிக்கொருமுறை எழுதப்படும், மாற்றம் இருந்தால். விண்டோஸில் தேடல் அட்டவணை தயாரிப்பும் இன்னும் சில பின்னணி வேலைகளும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். 30 விநாடிக்கொருமுறை ஒரு சின்ன எழுத்து வந்தால், 8-வது விநாடியில் ஹெட் பார்க் ஆகும், 30-வது விநாடியில் திரும்பும், மறுபடி 38-ல் பார்க் ஆகும். நிமிடத்துக்கு 2, மணிக்கு 120, நாளுக்கு 2,880. இந்தக் கணக்கில் 3,00,000 தடவை முடிய 104 நாள் போதும். என் டிஸ்க்கின் 112 இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். இதே டிஸ்க்கில் நேரத்தை 300 விநாடியாக வைத்தால், 30 விநாடித் தொடுதல் இருக்கும்வரை ஹெட் பார்க்கே ஆகாது. தொடுதல் நின்றபின் ஒரே ஒரு தடவை பார்க் ஆகி அமைதியாக இருக்கும். மிக மோசமான நிலையில்கூட மணிக்கு 12-ஐத் தாண்டாது. மின்சாரமும் மிச்சம், ஹெட்டும் மிச்சம். சும்மா இருக்கும் டிஸ்க்கை வேலை வாங்கித் தேய்க்கும் சாமர்த்தியம் இந்த 8 விநாடிக்குத்தான் உண்டு.

உங்கள் பணியாளர்கள் சொன்ன யோசனைகளையும் பதிவு செய்ய வேண்டும்.

"ஹார்ட் டிஸ்க்கை நிறுத்து" என்ற விண்டோஸ் மின்சேமிப்பு அமைப்பை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றச் சொன்னார்கள். அது மோட்டார் சுழற்சியை நிறுத்தும் அமைப்பு. சுழற்சி நிற்பது வேறு, சுழன்றுகொண்டே ஹெட் மட்டும் விலகுவது வேறு. முதலாவது 4-வது வரியில் ஏறும், இரண்டாவது 193-ல். அதை மாற்றியதில் 193-ன் வேகம் இம்மியும் குறையவில்லை, குறையவும் காரணமில்லை.

ஃபார்மேட் செய்யச் சொன்னார்கள். பார்க்கிங் நேரம் டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர் பகுதியில் இருக்கிறது. கோப்புகள் இருக்கும் பகுதியை அழித்தால் கோப்புகள்தான் போகும்.

லினக்ஸில் டிஸ்க் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கருவியின் பெரிய எழுத்து 'பி' தெரிவில் 254 கொடுக்கச் சொன்னார் ஒருவர். பொதுவாக நல்ல யோசனைதான். மின்மேலாண்மை நிலையில் 1 முதல் 127 வரை சுழற்சியை நிறுத்த அனுமதிக்கும், 128 முதல் 254 வரை அனுமதிக்காது, 255 அந்த வசதியையே அணைக்கும். 254 கொடுத்தால் பல டிஸ்க்குகளில் பார்க்கிங் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் இந்த டிஸ்க் அந்த வசதியே இல்லை என்று பதில் தருகிறது. இருக்கும் டிஸ்க்குகளிலும் பெரும்பாலும் மின்சாரம் போய் வந்தால் அமைப்பு மறந்துபோகும், ஒவ்வொரு தடவையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் டாஸ் கருவியைக் கொண்டு நேரத்தை மாற்றச் சொன்னார்கள். உண்மையில் தீர்வு அதுதான். ஆனால் அந்தக் கருவி டிஸ்க் நேரடியாக சாட்டா இணைப்பில் (கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு) இருந்தால் மட்டுமே வேலை செய்யும். இந்த டிஸ்க் யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே யுஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் ஸ்மார்ட் அட்டவணையைப் படிக்க விடுகிறது, அமைப்பை மாற்றும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் நிபந்தனையே சொல்கிறது. தீர்வைக் காட்டிவிட்டு, அதைச் செய்தால் வாரண்டி கிடையாது என்கிறீர்கள்.

ஒரு சின்னக் கோப்பை 8 விநாடிக்குள் திரும்பத் திரும்பப் படிக்கும் நிரலை ஓடவிடும் குறுக்குவழியும் உண்டு. கணினியின் கேஷிலிருந்தே (தற்காலிக நினைவகம்) பதில் வந்துவிட்டால் கட்டளை டிஸ்க்கையே தொடாது, எனவே கேஷைத் தவிர்த்து வெவ்வேறு இடங்களைப் படிக்க வேண்டும். அப்படிச் செய்தால் டிஸ்க் ஒருபோதும் ஓய்வெடுக்காது. தற்காலிகமாக அதைத்தான் ஓடவிட்டிருக்கிறேன். ஆனால் டிஸ்க்கின் தவறான அமைப்பைச் சமாளிக்க கணினி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டுமா?

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. சீகேட் நிறுவனம் ஓப்பன்சீசெஸ்ட் என்ற கருவித் தொகுப்பை மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறது. அந்த வசதி உள்ள டிஸ்க்குகளில் சும்மா இருக்கும் ஒவ்வொரு நிலைக்குமான நேரத்தையும் தனித்தனியே பார்க்கலாம், மாற்றலாம், அணைக்கலாம். அதுபோன்ற ஒன்றை யுஎஸ்பி வழியாகவே வேலை செய்யும்படி தாருங்கள். அதற்குப் பெட்டியின் பிரிட்ஜ் சிப்புக்கான ஃபர்ம்வேர் திருத்தமும் தேவைப்படலாம்.

என் கோரிக்கைகள் இவை. 193-ல் பாதி வரம்பு தீர்ந்துவிட்ட இந்த டிஸ்க்குக்குப் பதிலாக, பார்க்கிங் நேரம் குறைந்தது 300 விநாடியாக வைக்கப்பட்ட புதிய டிஸ்க் வேண்டும். புதுப்பித்து விற்கும் டிஸ்க் வேண்டாம். அனுப்புவீர்களானால் அதன் 193-வது வரியை அனுப்பும் முன் அச்சிட்டு இணையுங்கள். அது முடியாதென்றால், பெட்டியைத் திறந்து சாட்டாவில் இணைத்து நேரத்தை மாற்றினாலும் வாரண்டி தொடரும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். இந்த மாடலின் தகவல் தாளில் பார்க்கிங் நேரம் எத்தனை விநாடி என்பதையும் அச்சிடுங்கள். வாங்குபவர் 3,00,000 என்ற எண்ணைப் பார்க்கிறார், அதை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கப் போகிறோம் என்பதைப் பார்க்க முடிவதில்லை. பழைய டிஸ்க்கைத் திருப்பி அனுப்பும்முன் தரவை நகலெடுக்க எனக்கு அவகாசம் வேண்டும். எனவே புதியதை முன்கூட்டியே அனுப்பும் முறையில் மாற்றித் தாருங்கள்.

15 வேலை நாட்களுக்குள், ஃபர்ம்வேர் தெரிந்த ஒருவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். மறுபடியும் 'பாஸ்' என்ற பதில் வந்தால், 193-ன் வரம்பு ஏன் 000 என்பதற்கான விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இணைப்பு: முழு ஸ்மார்ட் அட்டவணை (முதல் அளவீடும் 10 நிமிடம் கழித்து எடுத்ததும்), சத்தத்தின் ஒலிப்பதிவு, எச்டிபார்ம் தந்த பதிலின் படம், விற்பனை ரசீது நகல், முந்தைய புகாரும் அதற்கு வந்த பதிலும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்