உச்சியில் பந்து நிற்பதில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ தொலைபேசியில் பேசியபோது, மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போனதும் என்ன செய்கிறது என்று பேத்தி கேட்டதாகவும், “ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டுப் பிறகு இறங்குகிறது” என்று நீ பதில் சொன்னதாகவும் கூறினாய். அந்த வாக்கியம் உன்னுடையது அன்று, என்னுடையது. நீ அவள் வயதில் இருந்தபோது நான்தான் அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது தவறு. தொலைபேசியில் அவசரமாகத் திருத்த மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

அது தவறு என்று எனக்குப் புரிந்ததே நான் ஆசிரியையாகி நெடுநாள் சென்ற பிறகுதான். இதே வாக்கியத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, “நின்றுபோன பந்தை மறுபடி கீழே தள்ளிவிடுவது யார், டீச்சர்?” என்று கேட்டான். ஈர்ப்பு விசை என்றேன். “அப்படியானால் மேலே போகும்போது ஈர்ப்பு இல்லையா?” என்றான். அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். கேள்வியில் குறையில்லை, “நிற்கிறது” என்ற என் சொல்லில்தான் குறை என்பது அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

நேராக மேலே எறிந்த பந்தை முதலில் எடுத்துக்கொள். கையை விட்ட கணத்திலிருந்து அதன் மீது செயல்படுவது, காற்றை இப்போதைக்கு மறந்துவிட்டால், புவியின் ஈர்ப்பு ஒன்றே. அது பந்தின் திசைவேகத்தை ஒவ்வொரு வினாடியிலும் கீழ்நோக்கி வினாடிக்கு 9.8 மீட்டர் அளவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் மேலே புறப்பட்ட பந்துக்கு முதல் வினாடியின் முடிவில் 9.8 எஞ்சியிருக்கும், இரண்டாவது வினாடியின் முடிவில் சுழி, மூன்றாவதன் முடிவில் அதே 9.8, ஆனால் கீழ்நோக்கி. வெப்பமானியின் அளவு மைனஸ் ஐந்திலிருந்து ஐந்துக்கு ஏறும்போது சுழியைக் கடந்து செல்வதைப் போலத்தான் பந்தின் வேகமும் சுழியைக் கடக்கிறது, அங்கே தங்குவதில்லை. தங்க வேண்டுமானால் முடுக்கமும், அதாவது திசைவேகம் மாறும் வீதமும், அந்த இடத்தில் சுழியாக வேண்டும், அப்படி ஆகிவிட்டால் பந்து உச்சியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே வரவே வராது. ஏறும்போது வேகத்தைக் குறைத்ததும் இறங்கும்போது வேகத்தைக் கூட்டியதும் ஒரே இழுப்புதான். அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவே.

சாய்வாக எறிந்த பந்துக்கு என் வாக்கியம் இன்னும் மோசமாகப் பொருந்தாமல் போகிறது. தரையோடு 60 பாகைக் கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்தால், அந்த வேகத்தின் செங்குத்துப் பங்கு ஏறத்தாழ 17.3, கிடைமட்டப் பங்கு 10. ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுப்பதால் செங்குத்துப் பங்கை மட்டுமே அது தொடுகிறது. உச்சியில் செங்குத்துப் பங்கு தீர்ந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், அப்படியே இருக்கும். அந்த வேகத்தில் போகும் ஒரு பொருளை “நிற்கிறது” என்று எந்த மனசாட்சியோடு சொன்னேனோ தெரியவில்லை!

எறிபொருள் இயக்கம் முழுவதற்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டு இயக்கமும் மேல்கீழ் இயக்கமும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டுமே. பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்பதைச் செங்குத்துப் பங்கு முடிவு செய்கிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கிடைமட்டப் பங்கு முடிவு செய்கிறது. பாடநூலின் சமன்பாடுகள் எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களின் கணித வடிவங்களே.

இதைப் பேத்திக்குக் காட்ட இரண்டு நாணயங்களும் ஓர் அளவுகோலும் போதும். மேசையின் விளிம்பில் அளவுகோலைச் சற்றுச் சாய்வாக வை. ஒரு முனை மேசைக்கு வெளியே நீண்டிருக்கட்டும். நீண்டிருக்கும் முனையின் மேல் ஒரு நாணயத்தை வை. மற்றொன்றை, மேசை விளிம்பில் அளவுகோலின் பக்கத்தை ஒட்டினாற்போல் வை. அளவுகோலின் உட்புறத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, வெளி முனையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று தட்டு. அளவுகோல் அடியிலிருந்து விலகிப்போவதால் மேலே இருந்த நாணயம், தன் நிலைமத்தால், அதாவது இருந்த நிலையிலேயே இருக்கும் இயல்பால், பக்கவாட்டில் நகராமல், ஏறத்தாழ நேர்க்கீழே விழும். மற்றது அளவுகோலால் உந்தப்பட்டு அறைக்குள் பாயும். மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர் என்றால் இரண்டுமே தரையைத் தொட 0.39 வினாடி ஆகும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது அதற்குள் 78 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், ஆனாலும் நேராக விழுந்ததைவிடத் தாமதமாக வந்து சேராது. இதைக் கண்ணால் பார்க்க முயல்வது வீண், ஒரு கண் இரண்டு இடங்களைப் பார்க்காது. காதால் கேட்க வேண்டும்: இரண்டு ‘டிங்’ அல்ல, ஒரே ‘டிங்’.

இவ்வளவு எளிய உண்மை மனிதருக்கு எட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின என்பது எனக்கு இன்றும் வியப்பு. எறிந்த பொருள் தொடர்ந்து போக வேண்டுமானால் அதை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கருதினார். கையை விட்ட பிறகு சுற்றியுள்ள காற்றே தள்ளுகிறது என்றார். பீரங்கி வந்த பிறகும்கூடப் பழைய படங்களில் குண்டு நேர்க்கோட்டில் ஏறி, சிறிது வளைந்து, பிறகு சுவர் போல் செங்குத்தாக விழுவதாகவே வரைந்தார்கள். கலிலியோதான் இந்த முடிச்சை அவிழ்த்தார். நேராக விழும் பொருளின் வேகம் அளக்க முடியாத அளவுக்கு அதிகமாக இருந்ததால், சாய்தளத்தில் பந்துகளை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கி அளந்தார். சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடுவதைக் கண்டார். பக்கவாட்டில் சீரான ஓட்டமும் கீழ்நோக்கி இந்த விகிதத்தில் வீழ்ச்சியும் சேர்ந்தால் கிடைக்கும் பாதை பரவளையம் என்னும் வளைகோடு என்று அவர் நிறுவியது, 1638இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் பெரிய நூலில் வெளியாயிற்று.

வகுப்பில் நான் நெடுநாள் செய்யத் தவறிய ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனெனில் எந்தச் சமன்பாட்டையும்விட இதுவே மனத்தில் நிற்கும். ஈர்ப்பே இல்லையென்றால் எறிந்த பந்து எந்த நேர்க்கோட்டில் போயிருக்கும் என்று முதலில் கற்பனை செய்துகொள். உண்மையான பந்து அந்தக் கோட்டிலிருந்துதான் விழுந்துகொண்டிருக்கிறது: ஒரு வினாடி முடிவில் கோட்டுக்கு 4.9 மீட்டர் கீழே, இரண்டு வினாடியில் 19.6 மீட்டர் கீழே, மூன்றில் 44.1 மீட்டர் கீழே. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதும் அது இந்தப் பொருளில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு வருகிறது. கிளையில் தொங்கும் பழத்துக்கு நேராகக் குறிவைத்து ஒரு கல்லை எறிகிறாய். கல் கையை விட்ட அதே கணத்தில் பழமும் காம்பிலிருந்து அறுந்து விழுகிறது. குறி தப்பிவிடும் என்று தோன்றும். தப்பாது. கல் தன் கோட்டிலிருந்து எவ்வளவு விழுகிறதோ அதே அளவு பழமும் விழுவதால், தரையைத் தொடுவதற்குள் கல் அங்கே போய்ச் சேரும் வேகம் இருந்தால் போதும், அடி பட்டே தீரும். பழம் அசையாமல் இருந்திருந்தால்தான் கல் அதற்குக் கீழே போயிருக்கும்.

45 பாகையைப் பற்றி நீயே படித்திருப்பாய். அந்தக் கோணத்தில் பீரங்கிக் குண்டு மிகத் தொலைவு போகும் என்று தார்த்தாலியா என்ற இத்தாலியர் 1537இலேயே எழுதிவிட்டார், பாதை பரவளையம் என்று தெரியாமலே. முன் சொன்ன 20 மீட்டர் வேகத்தில் 45 பாகைக்கு 40.8 மீட்டர் தூரம் கிடைக்கும். 30 பாகைக்கும் 60 பாகைக்கும் ஒரே 35.3 மீட்டர்தான். உயர்ந்து போவது 3.5 வினாடி காற்றில் இருந்து மெதுவாக நகர்கிறது, தாழ்ந்து போவது 2 வினாடியில் விரைந்து அதே இடத்தில் விழுகிறது. ஆனால் 45 என்பதை மந்திர எண்ணாக அவளுக்குச் சொல்லிவிடாதே. புறப்படும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்து, காற்றும் இல்லாதபோதுதான் அது சரி. விளையாட்டுப் போட்டியில் குண்டு எறிபவரின் கை தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் குண்டை விடுகிறது. மேலும் மனிதக் கை தாழ்ந்த கோணத்தில்தான் அதிக வேகத்தைத் தர முடியும். ஆகவே அவர்கள் 45க்குக் குறைவாகவே எறிகிறார்கள். நீளம் தாண்டுபவர்கள் ஏறத்தாழ 20 பாகையில் எழும்புகிறார்கள், ஓடிவந்த வேகத்தைச் செங்குத்தாகத் திருப்ப ஒரே ஒரு மிதிதான் இருக்கிறது என்பதால்.

இனி நான் மறந்துவிடச் சொன்ன காற்று. அது எப்போதும் பந்தின் ஓட்டத்துக்கு எதிராக இழுக்கிறது, வேகம் கூடக்கூட அதிகமாக. அதனால் உண்மையான பாதை சமச்சீரான பரவளையம் அன்று. ஏறும் பாதி நீண்டு சாய்ந்தும், இறங்கும் பாதி குறுகிச் செங்குத்தாகவும் இருக்கும். 1918இல் ஜெர்மானியர்கள் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸ் நகரைச் சுட்ட பீரங்கியை 45 பாகைக்கும் மேலே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அடர்ந்த காற்றைச் சீக்கிரம் கடந்து, தடை மிகக் குறைந்த உயரத்தில் குண்டைப் பறக்கவிடுவதே லாபம் என்பது அதற்குக் காரணம். பாடநூலின் தூய பரவளையத்தைப் பார்க்க நிலவுக்குத்தான் போக வேண்டும். 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் அங்கே கோல்ஃப் பந்தை அடித்தார். காற்று இல்லை, ஈர்ப்பும் புவியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. ஈர்ப்பின் வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டால், அதே வேகத்தில், அதே கோணத்தில் அடித்த பந்து அங்கே ஆறு மடங்கு தூரம் போகும்.

அவள் இன்னும் கேட்டாளானால், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல். புவியின் பரப்பு ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைகிறது. விழும் பொருளும் முதல் வினாடியில் 4.9 மீட்டர்தான் விழுகிறது. ஆகவே, காற்றும் மலையும் குறுக்கிடாவிட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் எறிந்த பந்துக்கு அடியில், அது விழும் அளவுக்கே தரையும் விலகிக்கொண்டே போகும். செயற்கைக்கோள் என்பது அப்படி விழுந்துகொண்டே இருக்கும் பந்துதான்.

நாணயங்களைக் கம்பளம் விரிக்காத தரையில் விழச் செய், இல்லாவிட்டால் ஒலி கேட்காது. முதல் இரண்டு மூன்று முறை அளவுகோல் சறுக்கிவிடும், பொறுமையாகச் செய். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல், எத்தனை ‘டிங்’ கேட்டது என்பதை அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அம்மா