ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்தப் பூச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெட்டியின் கன அளவைக் கணக்கிடும் முறையும், பலகை அதிராமல் இருக்க உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்கும் முறையும் தெளிவாக இருந்தன. கடைசிப் பத்திதான் என்னை எழுத வைத்தது. சரக்கு வண்டிகளின் தொட்டிக்கு அடிக்கும், இரண்டு டப்பாக்களில் வந்து ஒன்றாகக் கலக்கும் இரண்டு பாகப் பூச்சை வாங்கி வீட்டிலேயே ஸ்பிரே செய்துவிட்டால் பெட்டிக்கு ஆயுசுக்கும் கவலையில்லை என்ற பொருளில் அதில் எழுதியிருந்தீர்கள். மேடைக்கும் வீட்டுக்கும் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். அந்த வரியை நம்பி யாரும் மூடிய அறைக்குள் ஸ்பிரே துப்பாக்கியை எடுத்துவிடக் கூடாது.

இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன், பாலியூரியா பூச்சுகளில் ஒரு டப்பாவில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். ஸ்பிரே செய்யும்போது அது நுண்துளியாகவும் ஆவியாகவும் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா வரலாம். உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். தூசிக்குப் போடும் முகமூடி இதைத் தடுக்காது. முறையாகச் செய்யும் பட்டறைகளில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறை இருக்கும், அடிப்பவர் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் கவசம் அணிந்திருப்பார். பூச்சு அருமையானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சூடாக்கி அடிக்கும் பாலியூரியா நொடிகளில் இறுகும், பெட்டி இடிபட்டாலும் லேசில் பெயராது. அது வேண்டும் என்பவர்கள் பெட்டியைப் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கட்டும்.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது தண்ணீரில் கரையும், காய்ந்தால் சொரசொரப்பான புள்ளிகளாக நிற்கும் அக்ரிலிக் டெக்ஸ்சர் பூச்சு. டியூராடெக்ஸ், வார்னெக்ஸ் போன்றவை ஸ்பீக்கர் பெட்டிக்கென்றே வருபவை. ரோலர் போதும், தின்னர் நாற்றம் இல்லை, கருவிகளைத் தண்ணீரில் கழுவிவிடலாம். காய்ந்த பிறகும் படலத்தில் கொஞ்சம் நெகிழ்வு இருப்பதால் மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது கூடவே போகும். சாதாரண ஆயில் பெயின்ட்டில் மணலைக் கலந்து அடிக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மணல் டப்பாவின் அடியில் தங்கும், காய்ந்த பிறகு உதிரும், பெட்டியைத் தூக்குபவர் கையையும் பக்கத்துப் பெட்டியையும் பிராண்டும்.

கார்பெட் ஒட்டுவதைக் கட்டுரை ஒரு வரியில் பாராட்டியிருந்தது. அது பட்டி பூசாத பலகையைக்கூட மறைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஈரம் பட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும், மூலையில் கிழிய ஆரம்பித்தால் நிற்காது, கிழிந்த இடத்தை மட்டும் சரி செய்ய வழியும் கிடையாது. ஒரே அறையில் அசையாமல் இருக்கும் பெட்டிக்கு ஒட்டிக்கொள்ளலாம். வெளியே போய் வரும் பெட்டிக்கு வேண்டாம்.

சரி, பூச்சைத் தேர்ந்தெடுத்தாயிற்று. கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் விளிம்பு. என்னிடம் பழுதுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் நடுப்பலகை நன்றாகவே இருக்கும். பெயர்ந்திருப்பது விளிம்பிலும் மூலையிலும்தான். ஈரமான பூச்சு கூரான விளிம்பில் நிற்காது, இரண்டு பக்கமும் விலகிவிடும். அடி விழப்போவது அந்த விளிம்பில், படலம் மிக மெலிந்திருப்பதும் அங்கேதான். எவ்வளவு விலை உயர்ந்த டப்பா வாங்கினாலும் இது மாறாது. அதனால் மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் ரூட்டர் கருவியை வைத்து விளிம்புகளைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். அடிக்கடி தூக்கிப் போகும் பெட்டி என்றால் 6 மில்லிமீட்டர். ரூட்டர் இல்லாதவர்கள் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிப் பொறுமையாகத் தேய்த்தாலும் போதும்.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையின் வெட்டு முகம் தண்ணீரை அப்படியே குடிக்கும். அந்த இடத்தில் நேரடியாகத் தண்ணீர்ப் பூச்சைப் போட்டால் நார் எழும்பி உப்பும், பிறகு அந்த மூலை லேசாக இடிபட்டாலும் உதிரும். முதலில் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் ஒரு கை அடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ப்ளைவுட்டில் வெட்டு முகத்தில் தெரியும் சந்துகளையும் திருகு குழிகளையும் பட்டி வைத்து அடைத்து, 120 நம்பர் தாளில் தேய்த்தால் போதும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க வேண்டாம், பூச்சுக்குப் பிடிமானம் தேவை. எம்.டி.எஃப் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். பெட்டி கறுப்பு என்றால் அடியில் போடும் ப்ரைமரும் கறுப்பாகவோ அடர் சாம்பலாகவோ இருக்கட்டும். நாளைக்குக் கீறல் விழுந்தாலும் உள்ளிருந்து வெள்ளை மரம் பளிச்சென்று தெரியாது.

முதல் கை மெல்லியதாக, மரத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கட்டும். அது காய்ந்த பிறகு கெட்டியாக அடுத்த கை. வழவழப்பான நுரை ரோலர் சொரசொரப்பைத் தராது. தேன்கூடு போல ஓட்டைகள் உள்ள டெக்ஸ்சர் ரோலர் கேட்டு வாங்குங்கள். ஒரு பலகையை முழுதாக முடித்துவிட்டு, பூச்சு ஈரமாக இருக்கும்போதே ரோலரை அழுத்தாமல் ஒரே திசையில் கடைசியாக ஒருமுறை ஓட்டினால் புள்ளிகள் ஒரே சீராக வரும். மேலே தோல் கட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் உருட்டினால் பூச்சு பிய்ந்து வரும். சொரசொரப்பு அதிகமாக இருந்தால் உறுதியும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உயரமான முனைகள்தான் முதலில் உரசி உடையும், அழுக்கும் அங்கேதான் சேரும். தாழ்ந்த, நெருக்கமான புள்ளிகள் நீண்ட நாள் உழைக்கும். சின்னச் சின்னக் குழிகளையும் அவையே மறைத்துவிடும்.

ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தில் மட்டும் டெக்ஸ்சர் வேண்டவே வேண்டாம். மேடு பள்ளங்களின் வழியே காற்று கசியும், பேஸ் என்ற கனத்த ஒலி அடிக்கும்போது உஸ் என்று சத்தம் வரும். எத்தனையோ பேர் ஸ்பீக்கரைக் குறை சொல்லி மாற்றியிருக்கிறார்கள், கோளாறு பூச்சில் இருந்திருக்கிறது. அந்த வளையத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பூச்சு முழுதாக இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஓரம் பிசிறோடு கிழியும்.

காய்வதும் இறுகுவதும் ஒன்றல்ல. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்வரை இறுகுவதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் தாமதமாகும். அதற்குள் பெட்டி மேல் பெட்டியை அடுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் பூச்சு மற்றொன்றோடு போகும். மூலைக்கவசம், கைப்பிடி, கிரில் எல்லாவற்றையும் அதற்குப் பிறகே மாட்டுங்கள். பசை வைத்து ஒட்டும் ரப்பர் கால்களுக்குப் பதிலாகத் திருகு போடும் வகையைப் பாருங்கள்.

அக்ரிலிக் பூச்சு ஐசோசயனேட் பூச்சு அளவுக்கு அடி தாங்காது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பெயர்ந்த இடத்தைத் தேய்த்து, மிச்சம் வைத்த பூச்சை அதே ரோலரில் தொட்டு உருட்டினால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. வீட்டில் செய்பவருக்கு இது பெரிய வசதி.

அடுத்த ஞாயிறு இணைப்பில், இரண்டு பாக ஸ்பிரே பூச்சை வீட்டில் அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அதன் காரணத்தையும் அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்துப் பலகை வாங்கியவர்கள் இந்த நேரம் பெட்டியை ஒட்டி முடித்திருப்பார்கள். அவர்கள் அடுத்து வாங்கப்போவது பூச்சுதான்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் பெட்டி செய்யும் ஒரு வாசகர்