காப்பு அவிழ்த்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் முடிந்ததும் பத்திரிகையில் வரும் படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவன் நான். அலகுக் காவடி, பால்குடம், கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வரும் தம்பதி எல்லாம் வருகிறது. காவடியை இறக்கியவர் அதற்கு அப்புறம் எப்படி வாழ்கிறார் என்பது பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுவது என் வேலை. 2020 வரை தொடர்ந்து 9 வருடம் காவடி எடுத்திருக்கிறேன். 48 நாள் விரதம், சுத்த சைவம், தரையில் பாய், மது பக்கமே போவதில்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், டோபி காட் வரும்போது தோள் இற்றுவிடும் போல இருக்கும், அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாராவது “வேல் வேல்” என்பார்கள், கால் தானாக நகரும். அந்த நடையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து இடும்பன் பூஜை போட்டுக் காப்பை அவிழ்த்தால், அன்று இரவே நான் பழைய ஆள்தான். குடி, கோபம், வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

2021இல் கொவிட் காரணமாக நடையும் இல்லை, காவடியும் இல்லை. நேரம் பதிவு செய்து போய், கோயிலில் தயாராக வைத்திருந்த பால்குடத்தைச் செலுத்திவிட்டு வந்தேன். உறுமி இல்லை, கூட்டம் இல்லை, கூட வர உறவுக்காரர்கள் இல்லை. விரதமே பாதியில் நின்றுபோன மாதிரி மனசு ஒட்டவில்லை, இத்தனை வருடம் யார் பார்க்கத் தூக்கினேன் என்ற கேள்வி அன்றுதான் முதல்முறை வந்தது.

அதே வாரம் சமையலறை நாள்காட்டியைப் பார்த்தேன். விரத நாட்களுக்குக் கீழே மனைவி பென்சிலால் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தாள். மகன் ட்யூஷன் பணம். அம்மா வந்து ஒரு மாதம் தங்குவது. பல் டாக்டர். என்ன இது என்று கேட்டதற்கு, “காப்பு அவுக்கிறதுக்குள்ள உங்ககிட்ட கேட்க வேண்டியத எல்லாம் கேட்டுடணும்ல, அப்புறம் கேட்டா சண்டைதானே” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், வருடா வருடம் இப்படித்தான் செய்கிறாளாம். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

காவடிக்கு மூலமே இடும்பன் கதைதான். இரண்டு மலையைத் தூக்கி வந்தவன், முருகனோடு மோதி மாண்டு, அவன் அருளால் மீண்டு எழுந்து, பிறகு அவன் சன்னிதிக்கே காவலாக நின்றான். சுமையை இறக்கிய பிறகுதான் அவனுக்கு வேலையே தொடங்கியது! வருடா வருடம் அவனுக்குப் பூஜை போட்ட நான் இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அந்த வருடம் காப்பை அவிழ்த்தேன், குடியை மட்டும் திரும்பத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் அந்த வருடத்திலேயே இரண்டு முறை தவறினேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் விடியற்காலை வேலைக்குக் கிளம்புமுன் விளக்கேற்றி முருகனிடம் சொல்லிவிட்டு முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். கையில் காப்பு இல்லாமல், யாருக்கும் தெரியாமல் எண்ணுவது காவடியைவிடக் கனம். 2023இல் நடை திரும்ப வந்தபோது பால்குடம் மட்டும் எடுத்தேன், காவடியை அக்காள் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

எல்லாரும் வருடம் முழுக்க விரதம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, குடும்பம் நடத்துகிறவர்களால் அது முடியாது. 48 நாளில் கைவந்த ஒன்றை, ஒரே ஒன்றை, விடாமல் வைத்துக்கொள்ளலாமே. தைப்பூசத்துக்கு முன்பு காவடி அளவு, புறப்படும் நேரம், இசை எல்லாவற்றுக்கும் விதிமுறைகளை எடுத்துச் சொல்கிறோம். அதேபோல் தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் கழித்து, காவடி எடுத்த இளைஞர்களைக் கோயிலிலேயே கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படி இருக்கிறீர்கள் தம்பி, விட்டதைத் திரும்பப் பிடித்துவிட்டீர்களா என்று யாராவது அன்பாகக் கேட்டால் நன்றாக இருக்கும். கோயில் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும், பத்திரிகையும் எழுத வேண்டும்.

பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எனக்குக் காலை ஷிஃப்ட், மதியம் 2 மணிக்கு மேல் எந்த நாளும் சரி.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
யீஷூன்