வாளை எங்க பிடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஐ பத்தி வர்ற செய்தியெல்லாம் ஒண்ணு வேலை போயிடும்னு பயமுறுத்துது, இல்லன்னா ஆஹா ஓஹோன்னு தூக்கி வைக்குது. நான் ஃபேன்டஸி கேமுக்கு ஆயுதம் டிசைன் பண்ற வேலையில இருக்கேன், அதனால என் பக்கத்து அனுபவத்தையும் எழுதணும்னு தோணுச்சு.

2022ல மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன்னு எழுதிக் கேட்டா படம் வரைஞ்சு தர்ற ஏஐ எல்லாம் வந்தப்போ நாங்களும் ராப்பகலா படமா எடுத்துத் தள்ளினோம், ஒரே நாள்ல நூறு வாள், ஒவ்வொண்ணும் கண்ணைப் பறிக்கும். அதுல ஒண்ணை த்ரீடி மாடல் பண்ற தம்பிகிட்ட குடுத்தேன். பெரிசு பண்ணிப் பாத்துட்டு "அண்ணே, இதை எங்க பிடிக்கிறது?"ன்னு கேட்டார். அப்பதான் கவனிச்சேன், கைப்பிடி பூரா முள்ளு, கைக்காப்பு ரெண்டு இடத்துல இருக்கு, அலகு பாதில பிளந்து ஒரு பக்கம் எங்கயோ கரைஞ்சு போகுது. கட்டாரி கேட்டாலும் இதே கதைதான், குறுக்குப் பிடியை முஷ்டிக்குள்ள பிடிச்சுக் குத்துற ஆயுதம் அது, எங்களுக்கு வந்ததோ சாதா குத்துவாள். கோடிக்கணக்கான படத்தைப் பாத்துக் கத்துக்கிட்ட சாஃப்ட்வேருக்கு கையோட கனம் தெரியாது. ரெண்டு கையால வீசுற ஐரோப்பிய நீள வாளே பெரும்பாலும் 2 கிலோவுக்குள்ளதான், படத்துல வர்றதைச் செஞ்சு பாத்தா தூக்கவே நாலு பேர் வேணும்.

அப்புறம் படம் கேக்கறதை நிறுத்திட்டு, எழுத்துல பதில் சொல்ற ஏஐகிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சோம். எங்க கேம் உலகத்துல இரும்பே கிடையாது, ஜனங்க பெரிய மரங்க மேல வாழறாங்க, இவங்க எதை வச்சு சண்டை போடுவாங்கன்னு கேட்டோம். வந்த பத்து பதில்ல எட்டு எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் அஸ்டெக் மக்கள் மரக்கட்டை விளிம்புல எரிமலைக் கண்ணாடி சில்லு பதிச்சு செஞ்ச ஆயுதம் வந்துச்சு, அதை எங்க கதை எழுதறவங்க கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணாடிக்குப் பதிலா இறுகிப்போன பிசின் சில்லு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சில்லு உடையும், புதுசா ஒட்டினா காய ஒரு ராத்திரி ஆகும், அதுவரைக்கும் அந்த வீரன் வெறுங்கைதான். விளையாடிப் பாத்தவங்க எல்லாரும் அந்த ராத்திரியைப் பத்திதான் பேசினாங்க.

படத்தை மட்டும் நம்பறவங்களுக்கு இன்னொரு விஷயம். ஒரு காமிக்ஸ்ல மிட்ஜர்னி உருவாக்கின படங்களுக்கு காப்பிரைட் கிடையாதுன்னு அமெரிக்க காப்பிரைட் அலுவலகம் 2023 பிப்ரவரிலயே சொல்லிடுச்சு, மனுஷங்க எழுதின எழுத்துக்கும் படங்களைக் கோத்த விதத்துக்கும்தான் உரிமை குடுத்துச்சு. 2024 ஜனவரிலேர்ந்து ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல கேம் போடணும்னா, கேம்ல வர்ற விஷயங்கள்ல ஏஐ எங்க பயன்படுத்தினோம்னு சொல்லியாகணும். ரெண்டுமே நியாயம்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா அனுமதி கேக்காம யார் யார் வரைஞ்ச படத்தையோ தின்னுதான் இந்த டூல் வளந்துச்சு.

அதனால கேம் பத்தி எழுதும்போது கிராஃபிக்ஸ் பிரமாதம்னு மட்டும் போடாம வரைஞ்சவங்க யாருன்னும் கேட்டு எழுதுங்க சார். எங்க பிசின் ஆயுதத்தோட கடைசிப் படத்தை எங்க ஆர்ட்டிஸ்ட் பென்சில்லதான் வரைஞ்சாங்க, கைப்பிடில நாலு விரல் பதிஞ்ச தேய்மானம் உட்பட.

இப்படிக்கு,
ஒரு கேம் டிசைனர்