மாமாவுக்க புத்தகத்துல பூட்டிக்கு ஒரு பக்கம்

எடி சுஜா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டாச்சு, பதில் போடல, கோவப்படாத. வாய்ஸ்ல சொல்லித் தீராத ஒரு காரியம், அதான் உக்காந்து டைப் பண்ணுதேன். பழைய இன்லண்ட் லெட்டர்னு நெனச்சுக்க, ஒட்டுத ஓரத்துல கூட விடாம எழுதுவோமே, அப்படி. உனக்க சுகர், மருமவளுக்க வேலை, மஸ்கட் சூடு எல்லாம் அடுத்த தடவை விசாரிக்கேன். இங்க எல்லாருக்கும் சுகம். குடை டீச்சரை மார்த்தாண்டத்துல மேம்பாலத்துக்கு அடியில வச்சு பாத்தேன், இப்பவும் குடையை மடக்கித்தான் வச்சிருக்காங்க!! உன்னை விசாரிச்சாங்க, அந்த சாம்பல் கேஸ இன்னும் மறக்கல போல. சரி.

காரியம் என்னன்னா எங்க ஹெட்மாஸ்டர் மாமா குடும்ப வரலாறு புக்கு போடுதாரு. சிரிக்காத. ரிட்டையர் ஆனதுக்குப் பெறவு திட்டுததுக்கு பிள்ளைங்க இல்லாம போச்சுல்லா, இப்ப செத்துப்போன ஆளுகள வரிசையா நிக்க வச்சு அட்டெண்டன்ஸ் எடுக்காரு. கிறிஸ்மஸ் லீவுல குடும்ப சங்கமம் வச்சிருக்காவ, அதுக்குள்ள அச்சடிக்கணும். டைப் பண்ணுத வேலை எனக்கு, ஏன்னா குடும்பத்துலயே சும்மா இருக்குத ஆளு நான் ஒருத்திதானாம்.

டைப் பண்ணிட்டே வாறேன், ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரு பாரா இருக்கு. ஒருத்தரு நெய்யூர் ஆஸ்பத்திரியில கம்பவுண்டர், ஒருத்தரு சர்ச் உபதேசியார், ஒருத்தரு மூணாறு எஸ்டேட்ல கங்காணியா இருந்து குடிச்சே அழிஞ்ச மனுஷன், அவருக்குக் கூட ‘தோட்டத் தொழில் நிர்வாகி’ன்னு பட்டம் குடுத்து ஒண்ணரைப் பக்கம். பொம்பளைங்க எல்லாம் பிராக்கெட்டுக்குள்ள. பாதிப் பேருக்கு பேரே கெடையாது, ‘மனைவி, கருங்கல்’, ‘மனைவி, இரணியல்’ அவ்ளோதான், ஊரைக் கட்டிக்கிட்டு வந்த மாதிரி. எங்க அம்மை உயிரோட இருக்காவ, அவியளுக்கே அரை வரிதான்.

அதுல ஒருத்தி எங்க பூட்டி. அம்மைக்க அப்பம்மை. பேரு தாயம்மை, சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டுல ஒரு வெள்ளைக்காரி பேரு இருக்கு, அதை வீட்டுல ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. 1883ல பெறந்தது, பதினஞ்சு வயசுல கல்யாணம், நாலு பிள்ளை. 1912ல பூட்டன் பனையில இருந்து விழுந்து செத்துப்போனாரு. புக்குல அந்த விழுந்த கதையே முக்காப் பக்கம் கேட்டியா, எந்தப் பனை, எத்தனை அடி ஒசரம், யாரு தூக்கிட்டு வந்தது, என்ன கிழமை எல்லாம் இருக்கு. அதுக்குப் பெறவு அந்த நாலு பிள்ளைங்க எதைத் தின்னு வளந்துதுன்னு ஒரு வரி கெடையாது, அடுத்த பாராவுல டக்குனு மூத்தவரு, எங்க பாட்டா, வேட்டி கெட்டி உபதேசியாரா நிக்காரு.

நடுவுல உள்ள வருஷமெல்லாம் எங்க மாமான்னு கேட்டேன். “அதுல வரலாறுன்னு ஒண்ணும் இல்லியே பிள்ளே”ன்னாரு. எனக்கு வந்த வெப்ராளம் உனக்குத் தெரியும். விட்டேனா, போன் மேல போன். கடைசியில சரி, பூட்டிக்கு ஒரு பக்கம் தாறேன், ஆனா ‘விஷயம்’ இருக்கணும்னு சொல்லி அவரே எழுதி அனுப்பினாரு. வாசிச்சா ‘தோள் சீலைப் போராட்டத்தில் களம் கண்ட வீரமங்கை தாயம்மை அம்மையார்’. மாமா, நம்ம பொம்பளைங்க மேல் சட்டை போடலாம்னு திருவிதாங்கூர் ராஜா விளம்பரம் போட்டது 1859 ஜூலை 26, இவிய பெறந்தது 1883, பெறக்கதுக்கு முன்னாடியே களத்துக்குப் போயிட்டாவளான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் “அப்ப அவியளுக்க அம்மை போயிருப்பாவ” ன்னாரு!

அடுத்த வெர்ஷன்ல பூட்டி பேச்சிப்பாறையில நிக்காவ. அணை கெட்டினது 1897ல இருந்து 1906 வரைக்கும், வயசுக் கணக்கு சரியா வருதுல்லா, அதனால அணை கெட்டின இஞ்சினீயர் மிஞ்சின் துரைக்குக் கீழ கல் சுமந்து நாட்டுக்குத் தண்ணி கொண்டு வந்துட்டாவ. அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். அம்மை சிரிச்ச சிரிப்பு பாக்கணும், “அவியளா? அவிய குழித்துறை ஆத்தைத் தாண்டினதே ஆடி அமாவாசைக்கு வாவுபலிப் பொருட்காட்சி பாக்கத்தான், போனா ஒரு பிலாக்கன்னு வாங்கிட்டு வருவாவ”ன்னு. மூணாவது வெர்ஷன் இன்னும் மோசம். பூட்டி செத்தது 1954ல. அந்த வருஷம் ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச்சூடு நடந்துச்சுல்லா, தலைவர் நேசமணி ஐயா பேரைச் சொல்லி, நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு தமிழ்நாட்டோட சேரணும்னு போனவங்க மேல. மாமா என்ன எழுதியிருக்காருன்னா பூட்டி அந்தச் செய்தியைக் கேட்டு அதிர்ச்சியில உயிர் நீத்தாராம். அம்மைக்கு அப்ப பன்னிரெண்டு வயசு, பக்கத்துலயே கெடந்தவ. “கார்த்திகையிலல்லா செத்தாவ. ராத்திரி சாளைக்கறி கேட்டு வாங்கித் தின்னாவ, மூச்சு முட்டுதுன்னாவ, விடியக்காலம் இல்ல” ன்னு சொல்லுதாவ. மாமாவுக்கு அப்ப அஞ்சு வயசு, அவருக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பேனா அவரு கையில இருக்கு.

சுஜா, அம்மையைப் பத்தி உனக்கு முழுசா சொல்லல. இப்ப கொஞ்ச மாசமா மறதி கூடிட்டு. காலையில என்னையே “நீ யாருக்க மோளு”ன்னு கேக்காவ. டாக்டர் மாத்திரை தந்திருக்காரு, இது வயசுல வாற மறதி நோய், கூடுததைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், போன ஞாபகம் திரும்பி வராதுன்னாரு. சாயந்திரம் கஞ்சி குடிச்ச பெறவு மட்டும் ஒரு தெளிவு வருது, அப்ப பூட்டியைப் பத்தி கேட்டா கொட்டுதாவ. நான் போனை ரெக்கார்டுல போட்டு பக்கத்துல வச்சிடுதேன். மாமாவுக்க புக்குக்காக ஆரம்பிச்சது, இப்ப எனக்கே அது இல்லாம ராத்திரி உறக்கம் வரல.

அம்மை சொன்னதுல பாதி கருப்பட்டிதான். பூட்டன் செத்த பெறவு கொழுந்தன் பனை ஏறினாரு, பூட்டி ரெண்டு வீட்டுக்கும் சேத்து அக்கானி, அதான் பதநீர், காய்ச்சினாவ. ஒரு நாள் அக்கானி பனை சொந்தமா உள்ள பனைக்காரனுக்கு, மறுநாள் உள்ளது ஏறுதவனுக்கு, அதுல பாதி இவியளுக்கு. கலயத்துல சுண்ணாம்பு தடவிக் குடுக்குததுல இருந்து சருகு பெறக்குதது வரைக்கும் அவிய வேலை, காலையில அடுப்புல ஏத்தினா உச்சி கழியும் இறக்க. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நச்சிப் போட்டா அடங்கும், பதம் பாக்க ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு விரலால உருட்டிப் பாக்கணும், உருண்டா சிரட்டையில ஊத்தலாம். புகையில ரெண்டு கண்ணும் எப்பவும் செவந்துதான் இருக்குமாம், அம்மை சின்னதுல அப்பம்மை எப்பவும் அழுதுட்டு இருக்காவன்னு நெனச்சாவளாம். அழுகையெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லா ஏசுவாவளாம்.

அப்புறம் கடவப் பெட்டியில அடுக்கி தலையில வச்சு சந்தைக்கு. எழுத்து தெரியாது, ஆனா திருவிதாங்கூர் காசுல 28 சக்கரம் ஒரு ரூபான்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டு ஒரு காசு விடாம வாங்கிட்டு வருவாவ. யாரு எவ்ளோ தரணும்னு அடுக்களைச் சுவத்துல கரிக்கோடு. ஆளுக்கு ஒரு வரிசை, குடுத்தா அழிச்சிடுவாவ. அவிய செத்த பெறவும் அந்தக் கோடு ரொம்ப வருஷம் கெடந்துச்சாம். வெள்ளை அடிச்சு மறைச்சது யாருன்னு நெனக்க? நம்ம வரலாற்று ஆசிரியர்தான், அவருக்க கல்யாணத்துக்கு!

தெய்வப்பிறவி மாதிரி நெனச்சிடாத. நல்ல பிசினாரி. மருமவளுக்கு மீன்ல தலையும் வாலும்தான், நடுக்கண்டம் மூத்த மவனுக்கு, மிச்சம் இருந்தா ஒளிச்சு வைப்பாவளாம். அரிசி கடன் குடுப்பாவ, ஒரு நாழி குடுத்தா ஒண்ணேகால் நாழியா திரும்பி வரணும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்ச பெறவு அங்க உள்ள அரிசி நின்னு போய் நம்ம பக்கம் எல்லாம் பஞ்சம் வந்துச்சே, அதுக்கு முன்னாடியே விளை பூரா மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, நட்டு வச்சிருந்தாவளாம், எப்படித் தெரிஞ்சுதோ. அதையும் சும்மா குடுக்கல, வித்தாவ. அம்மை அந்த வருஷம் பெறந்தவ, “நான் மரச்சீனியில வளந்த உடம்பு”ன்னு இன்னும் பெருமை. இதையெல்லாம் எழுதி அனுப்பினா மாமா, ‘வட்டிக்காரின்னு சொல்லுவாவ, வேண்டாம்’னு சிவப்பு மையில அடிச்சிட்டாரு.

இதுவரைக்கும் எனக்கு சிரிப்புதான். போன வாரம் அம்மை ஒண்ணு சொன்னாவ.

அம்மைக்கு ஏழெட்டு வயசு இருக்கும், பூட்டி கூட பனைக்காரன் வீட்டுக்குப் போயிருக்காவ, ஏதோ பங்குக் கணக்கு பேச. பூட்டி எப்பவும் குப்பாயம், அந்தக் காலத்துச் சட்டை, போட்டு மேல ஒரு துவர்த்துத் துண்டு போடுவாவ, சந்தைக்கும் சர்ச்சுக்கும் எல்லாத்துக்கும் அதுதான். அந்த வீட்டுக்க நடை வந்ததும் துவர்த்தை எடுத்து இடுப்புல கெட்டிட்டாவளாம். முற்றத்துல கமுகு மூட்டுல நின்னுட்டாவ, திண்ணைப் பக்கம் போகல. அந்த வீட்டுல அம்மை வயசுல ஒரு பையன், அவன் “ஏ தாயி, அங்கின நில்லு”ன்னான். அறுபத்தஞ்சு வயசுப் பொம்பளை, நின்னாவ. கணக்கு பேசினாவ, அதுல விட்டுக் குடுக்கலையாம், அங்க நின்னே வாதாடி ரெண்டு பனை கூட எழுதி வாங்கிட்டாவ. வெளிய வந்து துவர்த்தைத் திரும்ப தோள்ல போட்டாவ. அம்மை எதுக்கு அப்பம்மை அவுத்தேன்னு கேட்டிருக்காவ. “சுண்ணாம்பு தீந்துட்டு, நாளைக்கு நீ கடைக்குப் போணும்” அப்படீன்னாவளாம். வேற ஒண்ணும் சொல்லல.

நான் இதைப் போடணும்னேன். மாமா முடியாதுன்னுட்டாரு. சண்டை போட்டேன், இல்லாத வீரத்தை மூணு தடவை எழுதினீங்க, நடந்த ஒண்ணை எழுத முடியாதான்னு. அதுக்கு மாமா சத்தம் போடல சுஜா, அதான் எனக்கு கஷ்டமாப் போச்சு. “நம்ம பிள்ளைங்க நிமிந்து நிக்கணும்னுதான் பிள்ளே இதை எழுதுதேன். அவுத்து இடுப்புல கெட்டினதை அச்சடிச்சா அதைத்தான் பாப்பாவ”ன்னாரு. அவரு பள்ளிக்கூடத்துல படிக்கும்போது பட்டது என்னன்னு அவருதான் அறிவாரு, ஒரு நாளும் சொன்னதில்ல. நான் போனை வச்சிட்டேன்.

ஆனாலும் எனக்கு ஒப்பல. அந்தக் காலத்துல சந்தையில துணி கிழிபட்டு அடி வாங்கினாவளே, அவிய இல்லன்னா பூட்டிக்கு குப்பாயமே கெடையாது, அதை நான் மறுக்கல. ஆனா 1859 விளம்பரத்துலயே என்ன போட்டிருக்கு, மேல் சாதிப் பொம்பளைங்க போடுத மாதிரி மட்டும் போடக்கூடாதுன்னு ஒரு வாலும் சேத்துத்தான் போட்டிருக்கு. அது வந்து தொண்ணூறு வருஷம் கழிஞ்சு, சுதந்திரமும் வந்து, கோயில் வாசல் தொறந்து, அப்பவும் ஒரு வீட்டு நடையில துவர்த்து இடுப்புக்கு எறங்குதுன்னா, இதைவிட வேற என்னத்தை எழுதணும்? அதோட அந்த ரெண்டு பனையையும் யாராவது எழுதணும்லா. அந்தப் பனையிலதான் எங்க பாட்டாவுக்க தம்பி படிச்சு கம்பவுண்டர் ஆனது. மாமாவுக்க புக்குல அவரு ‘சுயமுயற்சியால்’ படிச்சாருன்னு இருக்கு.

அதனால நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன். மாமா அடிச்ச அந்த வட்டிக் கணக்கைப் போடல, ஆனா கருப்பட்டியும் கரிக்கோடும் மரச்சீனியும் அம்மை சொன்ன பேச்சுலயே டைப் பண்ணி ஃபைலுக்குள்ள சேத்துட்டேன், பிராக்கெட் எல்லாம் எடுத்துட்டு பேரு தெரிஞ்ச பொம்பளைங்களுக்கு பேரும் போட்டாச்சு. முற்றத்துக் கதைக்கு இன்னும் சண்டை பாக்கி. அத்தை எனக்க கட்சி, அவிய பேரும் பிராக்கெட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

இப்ப உனக்கிட்ட ஒரு காரியம். உங்க தாத்தாவுக்க பலசரக்குக் கடை திங்கள்சந்தையிலதானே. பூட்டி ஒரே கடைக்குத்தான் கருப்பட்டி போடுவாவளாம், கிணறு பக்கத்துல உள்ள கடைன்னு அம்மை சொல்லுதாவ, அதுக்கு மேல பேரு வரல. உங்க அம்மைக்கு எண்பத்தெட்டு ஆனாலும் கடைக் கணக்கு பூரா தலையில இருக்கும்னு நீதான் சொல்லுவ. போன் போட்டுக் கேளு, கருங்கல் பக்கத்துல இருந்து கடவம் சுமந்துட்டு வாற ஒசரமான பொம்பளை, இடது காது அறுந்து ரெண்டா தொங்கும். அது எங்க பாட்டா கைக்குழந்தையில பாம்படத்தைப் பிடிச்சு இழுத்ததுல அறுந்தது, உபதேசியாருக்க முதல் ஊழியம். புகையிலை கேட்டு வாங்கிப் போடுவாவ, கணக்குல சண்டை கண்டிப்பா போட்டிருப்பாவ. அப்படி ஒரு ஆளு ஞாபகம் இருந்தா என்ன சொன்னாலும் அப்படியே ரெக்கார்டு பண்ணி அனுப்பு, நல்லது கெட்டது பாக்காத.

வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், ஃபைலு அதுக்கப்புறம் பிரஸ்ஸுக்குப் போயிரும். கேக்கும்போது மாமா புக்குன்னு மட்டும் சொல்லிடாத, உங்க அம்மைக்கு அந்த சைக்கிள் விஷயம் இன்னும் மறந்திருக்காது.

உனக்க
ஷீலா